இடது சின்ன விரல்

ஃபஸ்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா எழுதிய புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

“மாமா பாவம் உம்மா. ஏழு வயசுல எவ்வளவு பெரிய அவமானம்!”

அவளுடைய உம்மா ஹாஜரா குசினி வாசலில் குந்தியிருந்து கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“அந்த இடத்தத் திரும்ப வாசி.”

ஃபஸ்னா முன்பள்ளி ஆசிரியை. குரல் தெளிவு. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு மறுபடி வாசித்தாள். நோன்பு இருபத்தேழாம் நாள். வெளியூர்த் தனவந்தர் ஒருவரின் வாசலில் ஏழைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பெருநாளுக்கு ஆளுக்கொரு துணி. ஒரே பிள்ளை இரண்டு தரம் வந்துவிடக் கூடாது என்று, துணி வாங்கியதும் விரலில் நீல மை பூசுகிறார்கள். கொழும்புக்கு அனுப்பும் கருவாட்டுச் சாக்குகளில் கடையின் பெயர் எழுதுகிற மை.

“‘கணக்கப்பிள்ளை என் வலது கையைப் பிடித்து உயர்த்தி, நீலம் பூசிய பெருவிரலைக் கூட்டத்துக்குக் காட்டினார். கள்ளன், இரண்டாம் தரம் வந்திருக்கிறான் என்று கத்தினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அழவில்லை. இந்த விரலால் ஒருநாள் பேனா பிடித்துக் காட்டுவேன் என்று அந்த வாசலிலேயே முடிவெடுத்தேன்.’”

ஃபஸ்னா நிமிர்ந்து பார்த்தபோது உம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. தம்பிக்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த விரல் ஹாஜராவுடையது.

ஹாஜராவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. கண்டக்குழிக் கடற்கரையில் மஸாஹிர் ஹாஜியாரின் கருவாட்டு வாடியில் இருபத்திரண்டு வருடமாக மீன் வெட்டுகிறாள். தம்பி றிப்தி கல்வித் திணைக்களத்தில் அதிகாரி. புத்தளம் நகரில் மாடி வீடு, கார். ‘சுடுமணலும் ஒரு சட்டையும்’ அவன் எழுதிய முதல் புத்தகம். முதல் பக்கத்தில் ‘என் அன்பு ராத்தாவுக்கு’ என்று எழுதிக் கையொப்பம் வைத்து, வெளியீட்டுக்கு நாலு நாள் முன்னதாகவே அக்காவுக்கு அனுப்பியிருந்தான்.

அன்று நடந்தது வேறு. வாப்பா கடலில் இறந்துபோன வருடம் அது. ஹாஜராவின் உம்மா ஊர்த் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கப் போவார். இருபத்தேழாம் நோன்பன்று பிள்ளைகள் இரண்டு பேரையும் துணி வாங்க அனுப்பினார். வாசலை நெருங்கியதும் றிப்தி, தன்னோடு படிக்கிற பையன்கள் இருவர் அந்த வீட்டு மதிலில் உட்கார்ந்திருப்பதைக் கண்டான். “நான் வரமாட்டன்” என்று சொல்லிவிட்டு, கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான்.

பதினொரு வயது ஹாஜரா தனியே வரிசையில் நின்றாள். கவுன் துணி கிடைத்தது. விரலில் மை பூசினார்கள். திரும்பி வந்து தம்பியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பெருநாளன்று பள்ளிவாசலுக்கு அவன் எதைப் போட்டுக்கொண்டு போவான்? மணலைப் போட்டு விரலைத் தேய்த்தாள். போகவில்லை. விரலை மடித்துக் கையை மூடிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

கணக்கப்பிள்ளை கையை விரிக்கச் சொன்னார்.

“கள்ளி! ரெண்டாந்தரம் வந்திருக்கா!”

“எனக்கில்ல மாமா, தம்பிக்கு.”

“தம்பி எங்க? காட்டு பாப்பம்.”

ஹாஜரா வள்ளத்தைப் பார்த்தாள். வள்ளத்துக்கு மேலால் தம்பியின் தலைமுடி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை முதலில் கொடுத்த கவுன் துணியையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, அவள் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் சிரித்தது. புத்தகத்தில் அந்த இடம் மட்டும் நேரில் நின்று பார்த்த மாதிரி இருந்ததற்குக் காரணம், எழுதியவன் நேரில் இருந்ததுதான். வள்ளம்தான் புத்தகத்தில் இல்லை.

பெருநாள் முடிந்து பாடசாலை திறந்தபோது அவளுக்குப் பெயர் ‘மைக்காரி’. புத்தகம் காணாமல் போனால் மைக்காரி. வாத்தியாரின் மேசையில் வெண்கட்டி குறைந்தால் மைக்காரி. ஆறாம் வகுப்பின் நடுவில் அவள் படிப்பை விட்டு நின்றுகொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பொம்பிளைப் பிள்ளை, வீட்டில் வேலை இருந்தது. றிப்தி படித்தான்.

கல்யாணம் கட்டிச் சிலாபம் பக்கம் போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தப் பெயரை நினைவு வைத்திருந்தவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். மற்றக் கஷ்டமெல்லாம் மகளுக்குச் சொன்னாள். பசியைச் சொன்னாள், ஒழுகிய கூரையைச் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. தன்னைக் கள்ளி என்று ஊர் கூப்பிட்டதை எந்த உம்மா சொல்வாள்?

இப்போது மகள் அழுதுவிட்டாள். அந்த விரலுக்காக ஒருவர் அழுவதை ஹாஜரா நாற்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். அழுகை போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அடுத்த நாள் வாடியில் மார்த்தாதான் பேச்சைத் தொடக்கினாள். உப்புத் தொட்டியின் மறுபக்கத்தில் இருந்து மீன் வயிறு கீறுகிறவள், வாய் சும்மா இருக்காது.

“ஹாஜரா அக்கா, தம்பிட புத்தகத்துல எங்கட வாடியும் வருதா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு. இந்த நாத்தத்த அச்சடிச்சா ஆரு கையில எடுப்பா?”

பெண்கள் சிரித்தார்கள். அப்பால் கடலில் வெள்ளைக்காரர்கள் காற்றாடியில் தொங்கிக்கொண்டு பறந்தார்கள். மஸாஹிர் ஹாஜியார் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாயில் காய்கிற கட்டா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கெட்ட மனுசன் இல்லை. தன் வாப்பாவுக்குப் பிறகு வாடியையும் கடையையும் எடுத்து நடத்துகிறார். நோய் என்றால் முன்பணம் தருவார். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ‘ராத்தா’ என்பார்.

“சனிக்கிழமை வேலைக்கு வராதீங்க ராத்தா. தம்பிட விழா. முதற்பிரதி நாந்தான் எடுக்கிறன்.”

“நீங்களா ஹாஜியார்?”

“ஓம். றிப்தி சேர் வீட்டுக்கே வந்து கேட்டார். நம்மட ஊர்ப் பிள்ளை, கஷ்டத்துல படிச்சு வந்தவர். நாம தூக்கிவிடாம வேற ஆரு தூக்கிவிடுற?”

ஹாஜரா கத்தியைத் தொட்டித் தண்ணீரில் அலம்பினாள். அந்த வாசல் இந்த மனுசனுடைய வாப்பாவின் வாசல். மதிலில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களில் ஒருவர் இவர். அவருக்கு அது ஞாபகம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. சிரிக்கிறவர்களுக்கு அது ஒரு பின்னேரப் பொழுது, அவ்வளவுதான்.

விழா மூன்றரைக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. நாலே முக்காலுக்குத் தொடங்கியது. கற்பிட்டியில் ஒரு பாடசாலை மண்டபம். இருநூறு பிளாஸ்டிக் கதிரை போட்டு, நூற்றைம்பதுக்கு ஆள் வந்திருந்தது. பெண்கள் இடது பக்கம். ஃபஸ்னாவின் மாப்பிள்ளை இன்சாப் தன் ஆட்டோவில் இருவரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியிலேயே நின்றான். குர்ஆன் கிராஅத் ஓதி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. ஒலிவாங்கி மூன்று தடவை கீச்சிட்டது. மேடையில் இருந்த ஒவ்வொருவரும் தாங்கள் எவ்வளவு கஷ்டத்தில் படித்தோம் என்று ஒரு வரியாவது சொன்னார்கள். குப்பி விளக்கு, வெறுங்கால், ஒரு நேரப் பாண் துண்டு. பட்டியல் நீள நீள மண்டபம் உற்சாகமானது.

ஹாஜரா ஒரு காரியத்துக்காகத்தான் வந்திருந்தாள். புத்தகத்தில் எழுதாததைத் தம்பி மேடையிலாவது சொல்வான் என்று நினைத்தாள். என்ட ராத்தா என்று ஒரு சொல். பெரிதாக ஒன்றும் இல்லை.

நூல் ஆய்வுரை செய்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கையை ஆட்டிப் பேசினார்.

“வறுமையை மறைக்கிற உலகம் இது. நமது றிப்தியோ தன் அவமானத்தைத் துணிந்து திறந்து காட்டியிருக்கிறார். சபையோரே! கள்ளன் என்று உயர்த்திக் காட்டிய அந்தப் பெருவிரல்தான் இன்று நமது பிள்ளைகளின் சான்றிதழ்களில் ஒப்பமிடுகிறது!”

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. ஃபஸ்னா எழுந்து நின்றே தட்டினாள். மஸாஹிர் ஹாஜியார் முதற்பிரதியை வாங்கினார். பிறகு றிப்தியின் தோளில் பொன்னாடையைப் போட்டு, அவனைக் கட்டிப்பிடித்தார். படம் எடுத்தார்கள்.

ஏற்புரையில் றிப்தி எல்லோருக்கும் நன்றி சொன்னான். அச்சகத்துக்குச் சொன்னான், ஒலிபெருக்கிக்காரனுக்குச் சொன்னான். “என் குடும்பத்தார்” என்றும் சொன்னான்.

தேத்தண்ணி மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். ரோல்ஸ் தட்டைச் சுற்றி ஆட்கள் நெருக்கினார்கள். வாசகிகள் நாலைந்து பேர் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகும்வரை ஹாஜரா தாங்கியின் நிழலில் காத்துநின்றாள். ஃபஸ்னா புத்தக மேசையில் இருந்தாள். றிப்தி ராத்தாவைக் கண்டுவிட்டுத் தானாகவே வந்தான். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது.

“ராத்தா, ரோல்ஸ் எடுத்தீங்களா?”

“எந்த விரல் தம்பி?”

“என்ன?”

“அந்த மை. எந்த விரல்ல பூசினாங்க?”

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். “புத்தகத்துல இருக்கே.”

“இடது கை சின்ன விரல். சோறு தின்னுற கையில மை வேணாம் எண்டு கணக்கப்பிள்ளை இடது கையத்தான் கேட்டார். நகம் வளர்ந்து அந்த நீலம் வெட்டுப்பட்டுப் போக ஹஜ்ஜுப் பெருநாளும் தாண்டிச்சு. மருதோண்டி போட்டு மறைக்கப் பாத்தன், கறுத்துப் போச்சு. இதெல்லாம் உனக்குத் தெரியாது. உன்ட விரல்ல இருந்திருந்தாத்தானே தெரியும்.”

“சின்ன விரலால ஆரும் பேனா பிடிக்கிறல்ல ராத்தா.” அவன் சிரிக்கப் பார்த்தான். “வாசிக்கிற ஆக்களுக்கு அப்பிடி ஒண்டு வேணும்.”

“விரல விடு. ஆள் ஆரு?”

றிப்தி குரலைத் தாழ்த்தினான். “உங்கள வெட்கப்படுத்தக் கூடாதெண்டுதான் ராத்தா. என்ட கூடப்பிறந்த ராத்தாவ ஊர் கள்ளி எண்டு சொன்னது எண்டு நான் எழுதுறதா? ஃபஸ்னாட மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாசிக்கமாட்டாங்களா? அந்தக் கேவலத்த நான் என்ட தலையில போட்டுக்கிட்டன்.”

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் ஹாஜராவுக்கு இன்னும் எரிந்தது.

“அது என்ட கையில இருக்கக்குள்ள கள்ளி. உன்ட தலைக்கு வந்தா பொன்னாடையா?”

அவன் பொன்னாடையைத் தோளில் இருந்து எடுத்து மடித்தான்.

“நீ முடிவெடுத்தியாம் படிக்கிறதுக்கு. நல்லது. நானும் அந்த வாசல்லதான் முடிவெடுத்தன், இனிப் பள்ளிக்கூடத்துக்குப் போறல்ல எண்டு. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே? வள்ளத்துக்குப் பின்னால இருந்தியே, அதையாவது?”

றிப்தி கையில் இருந்த கோப்பையைத் தாங்கியின் கட்டில் வைத்தான். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்கு ஏழு வயசு ராத்தா.”

“எனக்குப் பதினொண்டு.”

உள்ளே கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றான். “ரெண்டாம் பதிப்புல மாத்துறன். விரல், ஆள், வள்ளம், எல்லாம்.”

“வாசலயும் மாத்து. வெளியூர் எண்டு போட்டிருக்கிறாய். அது இந்த ஊர் வாசல். ஆர்ட வாசல் எண்டும் போடு.”

அவன் திரும்பிப் பார்த்தான். அங்கே மஸாஹிர் ஹாஜியார் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அது ஏலாது.”

“ஏன், முதற்பிரதி எடுத்தவர் கோவிப்பாரா?”

“எனக்காகச் சொல்லல்ல ராத்தா. திங்கட்கிழம நீங்க ஆர்ட வாடிக்கு வேலைக்குப் போறீங்க?”

ஹாஜரா சால்வையைச் சரிசெய்துகொண்டு ஆட்டோ நின்ற பக்கம் நடந்தாள்.

இன்சாப் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த ஹயருக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான். பொழுது பட்டிருந்தது. ஃபஸ்னா உடுப்பு மாற்றவும் இல்லை, விழாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். முன்பள்ளியில் வருகிற விழாவுக்கு மாமாவின் மைவிரல் கதையைச் சின்ன நாடகமாகப் போடலாம், ஒரு பொடியனின் பெருவிரலில் நீலம் பூசினால் போதும் என்றாள்.

“பொடியன் இல்ல,” என்றாள் ஹாஜரா. “பொம்பிளப் பிள்ள.”

பிறகு சொன்னாள். வரிசையைச் சொன்னாள், மணலில் தேய்த்ததைச் சொன்னாள், வள்ளத்தைச் சொன்னாள். கள்ளி என்ற சொல்லை மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். மைக்காரி என்ற பெயரையும் சொன்னாள்.

ஃபஸ்னா முழுவதையும் கேட்டாள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நோயாளியின் கையைப் பிடிக்கிற மாதிரி.

“உம்மா, மாமா அவ்வளவு பேருக்கு முன்னால பொய்யா எழுதுவாரா? அச்சடிச்சல்லவா வெச்சிருக்கு. நீங்க அவரோட கூட இருந்தீங்க, கூடக் கஷ்டப்பட்டீங்க. அவர நெனச்சு நெனச்சு உங்களுக்கே நடந்த மாதிரி ஆகியிருக்கும். வயசு போகப் போக அப்பிடி வரும்.”

ஹாஜரா கையை இழுத்துக்கொண்டாள்.

எழுந்து போய் அலுமாரிக்கு மேல் இருந்த புத்தகத்தை எடுத்தாள். மகளின் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, விரல் வைத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்த எழுத்து. ‘என் வலது கையை’ என்ற இடத்தை ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதினாள்: ‘ஹாஜராவின் இடது கையை’. உப்புப் பிடித்து வெடித்த விரலில் பேனா நிற்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வந்தது.

“உம்மா! என்ன செய்யுறீங்க? மாமா கையொப்பம் வெச்ச புத்தகம்!”

ஹாஜரா கேட்கவில்லை. ‘பெருவிரலை’ வெட்டி ‘சின்ன விரலை’ என்று எழுதினாள். ‘கள்ளன்’ வெட்டுப்பட்டது. அதற்கு மேல் ‘கள்ளி’ என்று அழுத்தி எழுதினாள். பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் கீழ்நோக்கி வளைத்து, ‘தம்பி வள்ளத்துக்குப் பின்னால் இருந்தான்’ என்று எழுதினாள்.

ஃபஸ்னா கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். முதலில் புத்தகத்தைப் பறிக்கத்தான் கையை நீட்டினாள். ஓரத்தில் வளைந்து போன அந்த வரியை வாசித்தாள். உம்மாவின் இடது கையைப் பார்த்தாள். தாளை அழுத்திப் பிடித்திருந்த சின்ன விரலைப் பார்த்தாள். கை நீட்டியபடியே நின்றது.

“அந்தக் கவுன் துணி,” என்றாள் கொஞ்சம் கழித்து. “அதையும் பிடுங்கிட்டாங்களா உம்மா?”

“ஓம்.”

“அல்லாஹ்!”

மகள் அழவில்லை. குரல்தான் மாறியிருந்தது, மண்டபத்தில் கைதட்டியபோது இருந்த குரல் இல்லை. மகள் நம்பிவிட்டாள் என்று ஹாஜராவுக்குப் புரிந்தது. பேனாவை மேல் வரிக்குக் கொண்டுபோனாள். ‘வெளியூர்த் தனவந்தர் ஒருவரின் வாசலில்’ என்று இருந்தது. ‘வெளியூர்’ என்ற சொல்லின் மேல் பேனா முனை போய் நின்றது.

“ஆரு உம்மா அந்தத் தனவந்தர்?” ஃபஸ்னா குனிந்து கேட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. “பேரச் சொல்லுங்க. இப்ப இருக்கிறாங்களா அவங்கட ஆக்கள்?”

பேனா நின்ற இடத்தில் மை ஊறி ஒரு நீலப் பொட்டு விழுந்தது. திங்கட்கிழமை விடிய ஆறு மணிக்குக் கட்டா வள்ளம் வரும். மழைக்காலம் முடிகிற வரைக்கும் வேறு வாடி எதுவும் ஆள் எடுக்காது. ‘ராத்தா’ என்று கூப்பிடுகிற மனுசன்.

ஹாஜரா பேனாவை மூடினாள்.

“வெளியூர் ஆள்தான்,” என்றாள். “புத்தகத்துல போட்டிருக்கே.”